மந்தாரை இலையின் தையல்

அந்தக் காலத்தில் மரங்களுக்குப் பேச வரும். ஆனால் மரம் பேசுவது நம்மைப் போல் அல்ல. காலையில் ஒன்று கேட்டால் மதியம்தான் பதில் வரும். அவசரக்காரர்கள் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் போயே போய்விடுவார்கள். காத்திருந்து கேட்கப் பொறுமை இருந்தவர்கள் இரண்டே வகை. ஆடு மேய்க்கிறவர்கள், சின்னப் பிள்ளைகள். அதனால் மரங்களின் சிநேகிதம் பெரும்பாலும் அவர்களோடுதான் இருந்தது.

இலைக்கும் அப்போது உயிர் அத்தனை சுலபத்தில் போகாது. உதிர்ந்து கிடக்கிற இலையை எடுத்துக் கிளையோடு சேர்த்து வைத்தால் போதும், அது பாட்டுக்கு மறுபடி தண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிடும். ஆனால் உதிர்ந்ததை எடுத்துச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம் இருக்கிறது? ஒரு பிள்ளைக்கு இருந்தது. அவளைப் பற்றித்தான் இந்தக் கதை.

மலையடிவாரத்தில் காரைப்பட்டி என்று ஓர் ஊர். மொத்தம் பதினாறு வீடு. அதில் கடைசி வீடு குருவம்மாவுடையது. குருவம்மா இலை தைக்கிறவள். மந்தாரை இலைகளை ஈர்க்குக் குச்சியால் ஒன்றோடொன்று கோத்து, வட்டமான சாப்பாட்டு இலையாகத் தைத்து அடுக்குவாள். சுற்றுப்பட்டு ஊர்களில் கல்யாணமோ காதுகுத்தோ, பந்தியில் விழுகிற இலை குருவம்மா தைத்ததாகத்தான் இருக்கும். அப்போது மந்தாரை இலை இப்போது இருப்பதுபோல் இருக்காது. உள்ளங்கை அகலத்துக்கு ஒற்றை இலை. நுனியில் பிளவு கிளவு ஒன்றும் கிடையாது.

குருவம்மாவின் மகள் பெயர் சடைச்சி. வயது ஐந்து. பெயரைக் கேட்டாலே தலைமுடியின் லட்சணம் தெரிந்துவிடும். எண்ணெய் வைத்து வாரிவிட்டால் ஒரு நாழிகை நிற்கும், அப்புறம் அது அதன் இஷ்டம். அவள் அப்பா தேன் எடுக்க மலைக்குப் போனால் பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் இறங்குவார். அம்மா குனிந்த தலை நிமிராமல் இலை தைத்துக்கொண்டிருப்பாள். ஆகையால் சடைச்சி நாள் முழுக்க வாசலில் நின்ற மந்தாரை மரத்தோடுதான் இருந்தாள். காரைப்பட்டியில் மரங்களை முறைவைத்துத்தான் கூப்பிடுவார்கள். ஊர் நடுவில் நின்ற புளியமரம் எல்லாருக்கும் பெரியப்பா. மந்தாரை சடைச்சிக்கு அத்தை. மரமும் அவளை வாய் நிறைய மருமகளே என்றுதான் கூப்பிடும்.

மாசி பிறந்தது. மலையிலிருந்து வறண்ட காற்று இறங்கியது. தேக்கு, புரசு, மந்தாரை என்று ஒன்றன்பின் ஒன்றாக இலைகளைக் கொட்ட ஆரம்பித்தன. பெரியவர்களுக்குப் பெருக்கிப் பெருக்கி இடுப்பு ஒடிந்தது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தேக்கிலையில் இரண்டு ஓட்டை போட்டு முகத்தில் கட்டிக்கொண்டு பூச்சாண்டி காட்டினார்கள். பலாவிலையைக் கிழித்துச் சுருட்டி, நாரைக் கோத்து, கொம்புள்ள மாடு செய்தார்கள். பழுத்த இலைகளை ஈர்க்கில் கோத்துத் தலையில் கிரீடமாக வைத்துக்கொண்டு, இன்றைக்கு யார் ராஜா என்று சண்டை போட்டார்கள். சருகைக் குவித்து அதற்குள் ஒருவரை ஒருவர் புதைத்தார்கள். தும்மல் சத்தத்தை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பார்கள்.

சடைச்சிக்கு இதெல்லாம் புதிது. போன மாசியில் அவளுக்கு அம்மை போட்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். அதற்கு முந்தின மாசியில் அம்மாவின் இடுப்பை விட்டு இறங்காத வயது. எனவே இலை உதிர்வதை விவரம் தெரிந்து அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இரண்டு நாள் அவளும் எல்லாரோடும் சேர்ந்து சருகில் விழுந்து புரண்டாள். மூன்றாம் நாள் காலை மந்தாரையடியில் மல்லாந்து படுத்தவள் மேலே பார்த்தாள். இலை இருந்த இடமெல்லாம் வானமாக இருந்தது. அத்தைக்கு ஏதோ வியாதி வந்துவிட்டது, தனக்கு அம்மை வந்தபோது முடி கொட்டியதுபோல் அத்தைக்கு இலை கொட்டுகிறது என்று அவளாகவே முடிவு கட்டினாள்.

"அத்தே, உனக்கு என்ன பண்ணுது?" என்று கேட்டாள்.

காலையில் கேட்ட கேள்வி. பதில் மதியத்துக்குத்தான் வரும். சடைச்சி பொறுமைசாலிதான். ஆனாலும் வேண்டியவர்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் யாரால்தான் சும்மா உட்கார்ந்திருக்க முடியும்? அவள் அம்மாவிடம் ஓடினாள். பக்கத்து ஊரில் பெரிய கல்யாணம், ஆயிரம் இலை கேட்டிருந்தார்கள். குருவம்மா தலை நிமிராமலேயே, மாசியானால் இலை விழத்தான் செய்யும், போய் விளையாடு என்று சொல்லிவிட்டாள். சடைச்சி கொஞ்ச நேரம் நின்று அம்மாவின் கையையே பார்த்தாள். தனித்தனியாகக் கிடந்த இலைகள் அம்மாவின் கை பட்டதும் ஒன்றாகிக்கொண்டிருந்தன. ஈர்க்கு உள்ளே போய் வெளியே வரும், மீதியை நகத்தால் கிள்ளிவிடுவாள், அவ்வளவுதான். இனி அந்த இலை பிரியாது.

சடைச்சி ஈர்க்குக் கட்டிலிருந்து ஒரு கைப்பிடி உருவிக்கொண்டு வெளியே வந்தாள்.

முதலில் ஓர் இலையைக் கிளையோடு வைத்துக் குத்திப் பார்த்தாள். ஈர்க்கு ஒடிந்துபோயிற்று. கட்டை மேல் குத்தினால் எப்படி இறங்கும்? இரண்டு மூன்று ஒடித்த பிறகு அவளுக்கு வேறு ஒரு வழி தோன்றியது. மெல்லிய கிளைக்குச்சிக்கு இந்தப் பக்கம் ஓர் இலை, அந்தப் பக்கம் ஓர் இலை. இரண்டையும் கை கூப்புகிறதுபோல் சேர்த்து அழுத்திப் பிடித்து, குச்சிக்குச் சற்றுக் கீழே காம்போரமாக இரண்டையும் சேர்த்து ஈர்க்கால் குத்தினாள். இலை இரண்டும் குச்சியின் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டன. அடியில் சேர்ந்தும் நுனியில் பிரிந்தும் தொங்கின. சடைச்சி அடுத்த ஜோடிக்கு இலை பொறுக்கக் குனிந்து நிமிர்வதற்குள் முதல் ஜோடியின் மஞ்சள் கரைந்து பச்சை ஏறியிருந்தது.

மதியம் மரம் பதில் சொல்ல வாயெடுத்தது. எனக்கு ஒன்றுமில்லை மருமகளே, கோடையில் தண்ணீர் இருக்காது, அதனால் நானேதான் உதிர்க்கிறேன் என்பதுதான் பதில். காலையிலிருந்து அதைத்தான் நிதானமாகச் சேர்த்துக்கொண்டிருந்தது. ஆனால் அதற்குள் ஏழு ஜோடி தைத்து முடித்து, விரலெல்லாம் ஈர்க்குக் குத்திய புள்ளிகளோடு சடைச்சி எதிரே நின்றாள்.

"பயப்படாத அத்தே. நான் எல்லாத்தையும் தச்சுத் தந்துடறேன்" என்றாள்.

மரம் பதிலை விழுங்கிவிட்டது.

அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதன் இலையை ஆடு தின்றிருக்கிறது, மனிதர்கள் பறித்துப் போயிருக்கிறார்கள், காற்று அடித்துப் போயிருக்கிறது. எடுத்ததைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் அதுவரை யாருமில்லை. ஏழு ஜோடிதானே, பிள்ளை ஆசைக்குத் தைத்துவிட்டுப் போகட்டும், நாளைக்கு மறந்துவிடுவாள் என்று மரம் நினைத்தது. பிள்ளைகளைப் பற்றி மரங்களுக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

மறுநாள் சடைச்சி வெயில் ஏறுமுன்பே வந்துவிட்டாள். எட்டாத கிளையை எட்டப் பார்த்துக் குதித்தாள். குதித்து விழுந்துவிடப் போகிறாளே என்று மரம் கிளையைத் தாழ்த்திக் கொடுத்தது. அதுதான் அது செய்த இரண்டாவது தப்பு. தாழ்ந்த கிளையில் சடைச்சி தைத்தாள், நிமிர்த்தியதும் அடுத்த கிளை தாழ்ந்தது. இப்படியே பன்னிரண்டு நாள். சடைச்சிக்கு இருபது வரைதான் எண்ணத் தெரியும். இருபது இருபதாக எத்தனையோ இருபது தைத்துவிட்டாள். கிரீடச் சண்டை போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளும் வேடிக்கை பார்க்க வந்து, பிறகு இலை பொறுக்கிக் கொடுக்கிற ஆட்களாகிவிட்டார்கள். தைக்கிற வேலையை மட்டும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

மலையடிவாரம் முழுக்க மொட்டைக் கிளையாக நிற்க, குருவம்மா வீட்டு மந்தாரை மட்டும் ஆடிமாதத்து மரம்போல் பச்சைப்பசேலென்று நின்றது. வழிப்போக்கர்கள் நின்று பார்த்தார்கள். மாடு மேய்க்க வந்தவர்கள் நிழலில் துண்டை விரித்துப் படுத்தார்கள். சடைச்சிக்குத் தரையில் கால் பாவவில்லை. சாயங்காலமானால் மரத்தைக் கட்டிக்கொண்டு, இப்போது தேவலையா என்று கேட்பாள். தேவலை என்ற பதில் மறுநாள் காலையில் வரும். நாளாக ஆக, மறுநாள் மதியம் வந்தது. பிறகு சாயங்காலம் வந்தது. மரத்தின் குரல் மெலிந்துகொண்டே போனதை அவள் கவனிக்கவில்லை.

கவனித்தது வேறோர் ஆள். அதுவும் தன் சொந்தக் காரியமாக வந்த இடத்தில்.

குருவம்மாவுக்குக் கட்டுக் கட்டாக ஈர்க்கு காணாமல் போய்க்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு நாள் நெருங்குகிறது, தைத்த இலையை விடக் காணாமல் போன ஈர்க்குதான் அதிகம். மகள் வாசலில்தானே விளையாடுகிறாள் என்று அவள் பக்கம் சந்தேகமே போகவில்லை. கூரையில் வந்து வந்து உட்கார்கிற மரங்கொத்தியைப் பிடித்துக்கொண்டாள். கூடு கட்ட எடுத்துப் போகிறாய், வெட்கமாக இல்லையா என்று ஊர் கேட்க ஏசினாள். மரங்கொத்திக்குக் கொண்டை சிலிர்த்துவிட்டது. அது மரத்தைக் குடைந்து பொந்தில் குடியிருக்கிற ஜாதி. பரம்பரையில் யாரும் குச்சி பொறுக்கியதில்லை. திருடனைக் கையோடு பிடித்துக் கொடுக்காமல் விடுவதில்லை என்று சபதம் போட்டுவிட்டு, ஈர்க்கு எந்தப் பக்கம் போகிறது என்று தேடிக்கொண்டு மந்தாரைக்கு வந்தது. இலைக்கு இலை ஈர்க்கு குத்தியிருந்ததைக் கண்டதும், அகப்பட்டாயா என்று சொல்லிக்கொண்டு, பழக்கதோஷத்தில் அடிமரத்தில் அலகால் நாலு தட்டுத் தட்டியது.

தட்டியதும் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. மரங்கொத்திக்கு மரத்தின் சத்தம் தெரியும். தண்ணீர் இருக்கிற மரம் ஒரு மாதிரி பேசும், காய்ந்த மரம் ஒரு மாதிரி பேசும். மந்தாரை, வற்றிப்போன குடத்தைத் தட்டியதுபோல் கேட்டது. கீழே தட்டியது, மேலே தட்டியது, வேர் புடைத்திருந்த இடத்தில் போய்த் தட்டியது. எல்லா இடத்திலும் அதே சத்தம்தான்.

ஈர்க்கும் கையுமாகச் சடைச்சி அப்போதுதான் வந்தாள். மரங்கொத்தி அவளைப் பார்த்தது. பதமாகச் சொல்லுகிற பழக்கம் அதற்கு எந்த நாளும் கிடையாது. ஆனால் அன்றைக்கு அதன் குரல் இறங்கித்தான் வந்தது.

"பாப்பா, இதெல்லாம் நீயா தச்ச?"

"ஆமா மாமா. நானேதான்."

"ஒவ்வொரு இலையும் தண்ணி கேக்கும் பாப்பா. ஓடை வத்திப் பத்து நாளாச்சு. உன் அத்தை தன் உடம்புல இருக்கிற தண்ணியை எடுத்துத்தான் இத்தனை இலைக்கும் குடுத்துக்கிட்டு இருக்கு. இன்னும் மூணு நாள் தாங்கும். அதுக்கு மேல தாங்காது."

சடைச்சி நம்பவில்லை. நீ பொய் சொல்கிறாய், என் அத்தைக்கு நான்தான் வைத்தியம் பார்த்தேன் என்று சொன்னாள். மரங்கொத்தி நகர்ந்து இடம் விட்டது. சடைச்சி அடிமரத்தில் காதை வைத்தாள். அம்மாவின் மடியில் படுத்தால் உள்ளே ஒரு சத்தம் கேட்கும் அல்லவா, அதுபோல் அத்தைக்குள்ளும் ஒரு சத்தம் எப்போதும் கேட்கும். தினமும் கேட்டுப் பழகியவள் அவள், தைக்க ஆரம்பித்த பிறகுதான் காதை வைக்க மறந்திருந்தாள். இன்றைக்குக் கேட்கவில்லை.

"அத்தே, நெசமா?"

அன்றைக்கு மட்டும் மரம் உடனே பதில் சொன்னது.

"நெசம்தான் மருமவளே."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"விரலெல்லாம் குத்திக்கிட்டு வந்து நின்ன. எப்படிச் சொல்றது?"

சடைச்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்படியானால் இப்போதே எல்லாவற்றையும் உதிர்த்துவிடு என்று கெஞ்சினாள். மரம் முயன்று பார்த்தது. கிளைகள் லேசாக நடுங்கின. ஓர் இலைகூட விழவில்லை.

"என் இலையை உதிர்க்க எனக்குத் தெரியும். உன் தையலைப் பிரிக்க எனக்குத் தெரியலயே" என்றது மரம்.

ஆக, அதையும் சடைச்சிதான் செய்தாக வேண்டும். அவள் தாழ இருந்த கிளையில் ஒரு ஜோடியைப் பிடித்தாள். முதல் நாள் முதலில் தைத்த ஜோடி அது. கையில் குளிர்ச்சியாக, உயிரோடு இருந்தது. ஈர்க்கை உருவினால் இது செத்துப்போகும். உருவாவிட்டால் அத்தை செத்துப்போவாள். ஐந்து வயதில் இது பெரிய பாரம். ஐம்பது வயதுக்காரர்களே இந்த இடத்தில் தடுமாறுவார்கள்.

"எடுத்துட்டா மறுபடி இலை வருமா அத்தே?" என்று கேட்டாள்.

எல்லா வருஷமும் வரும். ஆனால் எந்த வருஷமும் மரம் இத்தனை தண்ணீரைச் செலவழித்துவிட்டுக் கோடைக்குள் போனதில்லை. பொய் சொல்லிப் பிள்ளையைத் தேற்றுவதா என்று அது யோசித்தது. ஏற்கெனவே சொல்லாமல் விட்டதால் வந்த வினைதான் இவ்வளவும்.

"தெரியல கண்ணு. வரும்னுதான் நெனைக்கிறேன்" என்றது.

சடைச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டு ஈர்க்கை உருவினாள். இரண்டு இலையும் பிரிந்து, ஆளுக்கொரு பக்கமாகச் சுழன்று, காலடியில் விழுந்தன. விழுந்ததுமே மஞ்சள் பூத்தன.

அப்புறம் அவள் நிறுத்தவில்லை. அழுதுகொண்டே உருவினாள். மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு உருவினாள். உச்சிக் கிளைகளை மரங்கொத்தி எடுத்துக்கொண்டது. இத்தனை நாளும் தாழ்ந்து கொடுத்த நடுக்கிளைகளை இப்போது தாழ்த்த மரத்துக்குத் தெம்பு இல்லை. சடைச்சி கையை உயர்த்திக் குதித்துப் பார்த்தாள், எட்டவில்லை. அழுகைச் சத்தம் கேட்டுக் குருவம்மா வெளியே ஓடிவந்தாள். தரையெல்லாம் ஈர்க்கு சிதறிக் கிடந்தது. மரத்தையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். விஷயம் புரிய அவளுக்கு ஒரு நிமிஷம்தான் பிடித்தது. கையை ஓங்கப் போகிறாள் என்று, இலை பொறுக்க வந்திருந்த பிள்ளைகள் விலகி நின்றார்கள். அவள் குனிந்து மகளைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"எடு. நான் புடிச்சுக்கிறேன்" என்றாள்.

குருவம்மா ஒவ்வொரு கிளையாக நகர்ந்து நின்றாள், சடைச்சி உருவினாள். ஆயிரம் இலை தைக்க வேண்டியவள் அன்றைக்கு ஓர் இலைகூடத் தைக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் மரம் முழு மொட்டையாயிற்று. இடையில் மரங்கொத்தி, ஈர்க்கு விஷயத்தில் யாரோ யாரையோ ஏசினார்களே என்று காற்றிடம் கேட்பதுபோல் கேட்டது. தப்புத்தான் சாமி என்று குருவம்மா ஒத்துக்கொண்டாள். அதைக் கேட்ட பிறகுதான் அதன் கொண்டை அமர்ந்தது.

மொட்டை மரத்தைப் பார்க்கச் சடைச்சிக்குத் தாங்கவில்லை. மேலே வைக்கக் கூடாது என்றால் கீழே வைக்கலாமா, அதற்கும் தண்ணீர் செலவாகுமா என்று மரங்கொத்தியைக் கேட்டாள். செலவாகாது, உள்ளே இருக்கிற ஈரம் வெயிலில் போகாமல் நிற்கும் என்று அது சொன்னது. சடைச்சி உதிர்ந்த இலைகளை அள்ளி அள்ளி வேரைச் சுற்றிப் போட்டாள். மற்றப் பிள்ளைகளும் கிரீடங்களைக் கழற்றிப் போட்டுவிட்டு மடி மடியாகச் சருகு கொண்டுவந்தார்கள். குளிர்காலத்தில் அம்மா கம்பளியை இழுத்துப் போர்த்துவதுபோல் மரத்தின் கால்களைப் போர்த்தினார்கள். வீட்டில் கைகழுவுகிற தண்ணீரைச் சடைச்சி சிந்தாமல் ஏந்திக்கொண்டு வந்து அதன் மேல் ஊற்றினாள். நன்றாயிருக்கிறது என்று மரம் சொன்னது. அதற்கு அப்புறம் மரம் பேசவில்லை.

பங்குனி முழுக்கப் பேசவில்லை. சடைச்சி தினமும் காலையில் காதை வைத்துக் கேட்பாள். மரங்கொத்தி வந்து ஒரு தட்டுத் தட்டும், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். சித்திரையில் ஒரு மழை பெய்தது. புரசு துளிர்த்தது. தேக்கு துளிர்த்தது. புளியமரப் பெரியப்பா கொழுந்து விட்டு நின்றார். மந்தாரை கட்டையாகவே நின்றது. வருகிறவர்கள் போகிறவர்கள், இது பட்டுப்போய்விட்டது, வெட்டினால் விறகுக்காவது ஆகும் என்று குருவம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் வெட்டவில்லை. சடைச்சி விளையாடப் போவதை விட்டுவிட்டாள். சாப்பாட்டைக்கூட மரத்தடியில் வைத்துத்தான் சாப்பிட்டாள். தன்னால்தான் என்று அவளுக்குத் தெரியும். யாரும் அதை அவளிடம் சொல்லாதது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வைகாசி பிறந்து ஆறாம் நாள். விடிந்ததும் வழக்கம்போல் காதை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மரங்கொத்தி வந்து தட்டியது. தட்டிவிட்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு, இன்னொரு தட்டுத் தட்டியது. பாப்பா, மறுபடி காதை வை என்றது. சடைச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். எங்கோ ஆழத்தில், மெதுவாக, உள்ளே அந்தச் சத்தம் இருந்தது.

அதிலிருந்து நான்காம் நாள், தாழ்ந்த கிளை ஒன்றில் முளைவிட்டது. கை கூப்பினதுபோல் மூடிய ஒரு சின்னக் கொழுந்து. வெயில் பட்டதும் அது மெல்லப் பிரிந்தது. சடைச்சி குனிந்து பார்த்தாள். ஓர் இலை இல்லை, இரண்டு. அடியில் சேர்ந்தும் நுனியில் பிரிந்தும், நடுவே ஒரு கோடு ஓட, இரண்டு இலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்ததுபோல் இருந்தது. சடைச்சிக்குப் பகீரென்றது. ஈர்க்கைத் தேடி இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அத்தே, சத்தியமா நான் தைக்கல" என்றாள்.

பதில் மதியத்துக்குத்தான் வந்தது. மரம் தேறிவிட்டது என்பதற்கு அதைவிட வேறு என்ன அடையாளம் வேண்டும்? சடைச்சி அசையாமல் உட்கார்ந்திருந்து கேட்டாள்.

"நீ தைக்கல கண்ணு, நான்தான் தச்சேன். கோடை பூராவும் வேற நெனப்பே இல்ல எனக்கு. உன் கைத்தையல எப்படிப் பத்திரமா வச்சுக்கறதுன்னுதான் யோசிச்சுக்கிட்டே கெடந்தேன். ஈர்க்கு இருந்தாத்தானே என்னால பிரிக்க முடியாது. இது என் தையல். வேணுங்கிறப்ப நானே எறக்கிக்குவேன்."

சடைச்சி மரத்தைக் கட்டிக்கொண்டாள். கை எட்டின மட்டும் கட்டிக்கொண்டாள். மரம் கொஞ்சம் தயங்கி, பிறகு இன்னொன்றும் கேட்டது.

"மாசி வந்தா இதையும் உதுத்துருவேன் மருமவளே. அழுவியா?"

சடைச்சி யோசித்தாள்.

"அழுவேன்" என்றாள். "ஆனா தைக்க மாட்டேன்."

சொன்னபடியே அடுத்த மாசியில் சடைச்சி அழுதாள். முதல் இலை விழுந்த அன்று மட்டும் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பிள்ளைகளைச் சேர்த்து, முதல் மடிச் சருகை மரத்தின் காலில் போட்டுவிட்டு, மீதியில் கிரீடம் செய்ய உட்கார்ந்தாள்.

அன்று முதல்தான் மந்தாரை இலை இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்ததுபோல் முளைக்கிறது. நடுவில் தையல் ஓடிய கோடு தெரியும், தேடிப் பார்த்தால் ஈர்க்கு மட்டும் இருக்காது.